கேமின் முதுகைப் பாருங்கள்: சைட் வால்வ் எஞ்சின்களில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடையில் ஒரு பழைய ஜீப் கேமைக் கையில் எடுத்தால் கடைக்கார நானா முதலில் காட்டுவது மூக்கைத்தான். "பாருங்க தம்பி, மூக்கு தேயவே இல்ல" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, மூக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் கராஜுக்கு வந்த கேம் கோளாறுகளில் பாதிக்கு மேல் மூக்கில் இருந்ததில்லை, முதுகில் இருந்தன.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்வோம். கேம் என்பது எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டு. கேமில் முட்டை வடிவில் துருத்திக்கொண்டு நிற்பது லோப். அதன் கூர்ப்பக்கம் மூக்கு, வால்வை முழுதாகத் தூக்குவது அது. பின்பக்கம் வட்டமாக இருப்பதைப் புத்தகத்தில் அடிவட்டம் என்பார்கள், நாங்கள் முதுகு என்போம். லோப்பின் மேல் நின்று வால்வைத் தள்ளுவது டாப்பட். அது முதுகில் நிற்கும்போது வால்வு மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளது சரிவு. ஒரு தவ் என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீற்றர். இந்த எஞ்சின்கள் எல்லாம் அங்குலத்தில் பிறந்தவை, அதனால் தவ்விலேயே பேசுகிறேன்.

சைட் வால்வ் என்று நாம் சொல்வதைத்தான் அமெரிக்கர்கள் ஃபிளாட்ஹெட் என்கிறார்கள். வால்வுகள் ஹெட்டில் இல்லை. புளொக்குக்குள், சிலிண்டருக்குப் பக்கத்தில், தலையை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஹெட் வெறும் மூடி. இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் எனக்குப் பழக்கம் மூன்று: வில்லிஸ் ஜீப்பின் 2,199 சிசி எல்134, 1948இல் வந்த முதல் மொரிஸ் மைனரின் 918 சிசி, ஃபோர்ட் பிரிஃபெக்டின் 1,172 சிசி. கீழே வரும் எண்கள் பெரும்பாலும் ஜீப்புடையவை, முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இவற்றில் ரொக்கர் ஆர்ம் கிடையாது. கேமின் மேல் டாப்பட், டாப்பட்டின் மேல் நேராக வால்வு. கேமில் ஒரு தவ் பிசகினால் வால்வில் அதே ஒரு தவ் பிசகும், கூட்டவோ குறைக்கவோ நடுவில் ஆள் இல்லை.

கேமைத் தொடும் முன்

பொயிண்ட்ஸ், கண்டன்சர், கார்பரேற்றர் அடிக் கஸ்கட், மெனிஃபோல்ட் கஸ்கட் நாலையும் பார்த்தாயிற்றா? கொம்பிரஷன் எடுத்தாயிற்றா? இல்லை என்றால் இதை மூடிவைத்துவிட்டு அதைச் செய்யுங்கள். கேமைக் கழற்ற ரேடியேற்றர், முன் கிரில், டைமிங் கவர் எல்லாம் வர வேண்டும். ஒரு கண்டன்சருக்காக அவ்வளவையும் கழற்றியவன் நான், அதனால்தான் சொல்கிறேன்.

"டாப்பட் வைத்துவிட்டோம், இன்னும் தட்டுகிறது"

டாப்பட் வைப்பது என்றால் டாப்பட் திருகுக்கும் வால்வுத் தண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரி செய்வது. இதுதான் அதிகம் வரும் புகார். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தட்டுவது டாப்பட்தானா? வால்வுகளை மூடியிருக்கும் புளொக்கின் பக்கத் தட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். ஒயில் தெறிக்கும், பழைய சட்டை போடுங்கள். ஒவ்வொரு வால்வின் அடியிலும் இடைவெளி அளக்கும் ஒரு மெல்லிய ஃபீலர் தகட்டைச் செருகிப் பாருங்கள். செருகியதும் சத்தம் அடங்கினால் அந்த வால்வுதான். எட்டிலும் செருகியும் சத்தம் அடங்கவில்லை என்றால் டாப்பட் இல்லை. பிஸ்டன், கஜன் பின், டைமிங் கியர் என்று வேறு பக்கம் போங்கள்.

வால்வைப் பிடித்தாயிற்று. அடுத்து, டாப்பட் திருகின் தலையைப் பாருங்கள். வருடக்கணக்கில் வால்வுத் தண்டு இடித்து இடித்து அதில் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். ஃபீலர் தகடு அந்தக் குழிக்குள் இறங்காது, இரண்டு விளிம்பிலும் பாலம் மாதிரி படுத்துக்கொள்ளும். நீங்கள் 16 தவ் என்று நினைப்பது உண்மையில் 20, 22 ஆக இருக்கும். திருகைக் கழற்றி, முகத்தைக் கிரைண்டரில் சமப்படுத்திப் போட்டால் பாதி வாகனங்களில் சத்தம் அங்கேயே போய்விடும்.

போகவில்லை என்றால் முதுகுக்கு வருவோம். ஜீப்பில் வால்வுகளை முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். டாப்பட் வைக்க நாங்கள் பாவிப்பது ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைப்பது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை, இப்படி இரண்டும் சேர்ந்து ஒன்பது வர வேண்டும். அந்த நேரம் டாப்பட் முதுகின் நட்டநடுவில் நிற்கும். போருக்குப் பின் வந்த சிவில் ஜீப்புக்கு எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 16 தவ், போர்க்கால இராணுவ ஜீப்பான எம்பி மொடலுக்கு 14.

பெரும்பாலானோர் அங்கே அளந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எழாதீர்கள். கிராங்கை முன்னால் ஒரு 80 பாகை, பிறகு பின்னால் 80 பாகை திருப்பி அதே வால்வை மறுபடி அளவுங்கள். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இது முதுகில் 40 பாகைதான். அங்கும் அதே 16 இருக்க வேண்டும். இரண்டு தவ்வுக்கு மேல் மாறினால் முதுகு வட்டமாக இல்லை, அல்லது வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

எட்டு வால்வுக்கும் இதைச் செய்து ஒரு கடதாசியில் எழுதினால் கேம் தானே பேசும். நடு வால்வுகள் அதிகம் மாறி, ஓரத்து வால்வுகள் சும்மா இருந்தால் கேம் வளைந்திருக்கிறது. எட்டும் மாறினால் கிரைண்ட் பண்ணியபோது மையம் தவறியிருக்கிறது. ஒன்று மட்டும் மாறினால் அந்த லோப் மட்டும்தான் பிழை.

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்தார். புதிதாகக் கேம் கிரைண்ட் பண்ணி மூன்று மாதம். எங்கே செய்தது என்பது வேண்டாம். எட்டு வால்விலும் முதுகு மாறியது, 5 தவ் வரை. கேமைக் கழற்றி நுனியைத் துடைத்துப் பார்த்தேன். லேத்தின் கூர்முனை உட்காரும் மையத் துளையின் விளிம்பில் ஒரு சுத்தியல் அடி, உதடு உள்ளே மடிந்து அரிசி மணி அளவு உலோகம் எழும்பி நின்றது. கிரைண்டர் அந்த மணியின் மேல் உட்கார்ந்துதான் எட்டு லோப்பையும் வெட்டியிருக்கிறது. லோப்புகள் ஒன்றுக்கொன்று சரி, ஜேர்னல்களோடு (கேம் புளொக்கின் துளைகளில் உட்கார்ந்து சுழலும் வட்டப் பகுதிகள்) பார்த்தால் எல்லாம் ஒரு பக்கம் சாய்வு. டாப்பட்டை எங்கே வைத்தாலும் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தட்டல். அவர் மூன்று மாதமாக டாப்பட்டை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், பாவம்.

கேம் வெளியே வந்தபின் வளைவைப் பார்ப்பது எளிது. இரண்டு வி-புளொக்கில் முன், பின் ஜேர்னல்களை வைத்து, நடு ஜேர்னலில் டயல் கேஜை நிறுத்தி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஊசி 4 தவ் ஆடினால் வளைவு 2 தவ். ஆட்டம் 2 தவ்வுக்குள் இருந்தால் நான் தொடமாட்டேன். அதற்கு மேல் என்றால், வார்ப்பிரும்பா எஃகா என்று பார்த்துவிட்டுத்தான் பிரஸ்ஸுக்கு அருகில் போக வேண்டும். லோப்புகளுக்கு இடையே மெல்லிய ஒற்றைக் கோடு ஓடினால் வார்ப்பு, அகலமாகத் தேய்த்துவிட்ட பட்டை ஓடினால் அடித்துச் செய்த எஃகு. எஃகை மெதுவாக நிமிர்த்தலாம். வார்ப்பு நிமிராது, முறியும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று பிரஸ் கைப்பிடியை அழுத்திய ஒரு மெக்கானிக் பாஸின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கேம் இரண்டானபோது அவர் சொன்ன சிங்கள வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஹட்டன் ஜீப்புக்குச் செய்தது: மையத் துளைகளைச் சுத்தமாக்கி, ஜேர்னலை அளந்து அதற்கு நேராக மையத்தை எடுத்து, முதுகை மறுபடி வட்டமாக்கினோம். அதனால் முதுகு இன்னும் மெலிந்தது. அது அடுத்த அறிகுறிக்குக் கொண்டுபோகும்.

"திருகு முழுதாக வெளியே வந்தும் இடைவெளி குறையவில்லை"

கேமை மறு கிரைண்ட் பண்ணும்போது உலோகம் சேர்ப்பதில்லை, எடுப்பதுதான். மூக்கைத் தொடாமல் லிஃப்ட்டை, அதாவது வால்வு தூக்கப்படும் உயரத்தை, கூட்ட வேண்டும் என்றால் முதுகைக் குறைக்க வேண்டும். முதுகின் ஆரத்தில் 20 தவ் எடுத்தால் லிஃப்ட் 20 தவ் கூடும், டாப்பட் 20 தவ் கீழே இறங்கும். அந்த 20ஐத் திருகு ஈடுகட்ட வேண்டும். அங்குலத்துக்கு 24 புரி உள்ள திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 42 தவ் ஏறும், ஆகவே அரைச் சுற்றுப் போதும். பிரச்சினை இல்லை.

பிரச்சினை வருவது இதே கேம் மூன்று கைகள் மாறி மூன்று தரம் கிரைண்ட் ஆகியிருக்கும்போது. 60, 80 தவ் போயிருந்தால் திருகு டாப்பட்டில் மூன்று நாலு புரியில்தான் தொங்கும். அப்படித் தொங்கவிட்டு ஓட வேண்டாம், அது தானாகக் கழன்றுவரும். வழிகள் இரண்டு. ஒன்று, நீண்ட திருகு செய்து, தலையைக் கடினப்படுத்திப் போடுவது. மற்றது, தண்டு நீளமான வால்வு தேடுவது. தண்டு நுனியில் தொப்பி வைப்பதையும் சொல்வார்கள், ஸ்பிரிங் தட்டுக்கும் பூட்டுக்கும் இடம் இருந்தால் சரி. எனக்கு அது பிடிக்காது, தனி விருப்பம்தான்.

பழைய ஃபோர்ட் 1,172 சிசியில், 100ஈ மொடலுக்கு முன் வந்ததில், டாப்பட்டில் திருகே இல்லை. வால்வுத் தண்டின் நுனியைக் கிரைண்ட் பண்ணித்தான் இடைவெளி வைக்க வேண்டும். தண்டைக் குறைக்கலாம், கூட்ட முடியாதே! முதுகு மெலிந்த கேமை அதில் போட்டால் திருகுள்ள டாப்பட்டுக்கு மாற்றாமல் வழியில்லை. கிரைண்டுக்குக் கொடுக்கும் முன்பே இதை யோசிக்க வேண்டும்.

லோப்பில் வெல்டிங் போட்டு உலோகம் ஏற்றலாமே என்று கேட்பார்கள். ஏற்றலாம். ஆனால் கேம் முன்பக்கத்தால் ஜேர்னல் துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. மூக்கு அந்தத் துளையைவிட உயர்ந்தால் கேம் உள்ளே போகாது. சூட்டில் வளையவும் செய்யும். ஏற்றிய பின் நிமிர்த்தி, கிரைண்ட் பண்ணி, கடினத்தையும் பார்க்க வேண்டும். ஒரு லோப் மட்டும் கெட்டுப்போன, வேறு கிடைக்காத கேமுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

"கொழும்புக்குள் இழுக்கவில்லை, நெடுஞ்சாலையில் மட்டும் பறக்கிறது"

மருதானைச் சந்தியில் முதல் கியரில் எடுக்கும்போது மூச்சுத் திணறி, வேகம் பிடித்தபின் உயிர் வருகிறது என்றால் கேம் பிந்தி நிற்கிறது. எதிர்மாறாக, கீழே நன்றாக இழுத்து மேலே செத்துப்போனால் கேம் முந்தி நிற்கிறது. பிந்தினால் இன்லெட் வால்வு தாமதமாக மூடும், பிஸ்டன் ஏறும்போது கலவையில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போகும். அதனால் நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷன் சமமாக, ஆனால் எல்லாமே குறைவாக வரும். அந்த "சமமாக" என்ற சொல்தான் துப்பு. ரிங்கோ வால்வோ போயிருந்தால் நாலும் ஒரே மாதிரிக் குறையாது.

டைமிங் புள்ளிகள் நேருக்கு நேர் இருக்கின்றன, அதனால் சரி என்று விட்டுவிட வேண்டாம். புள்ளி கியரைப் பற்றித்தான் சொல்லும். கேமை யாராவது மறு கிரைண்ட் பண்ணியபோது லோப்புகளை, கியரைக் கேமோடு பூட்டும் சாவிக் குழிக்கு நேராக வைத்தாரா என்று சொல்லாது.

அளக்க ஒரு பாகைத் தட்டு, ஒரு டயல் கேஜ், ஒரு கம்பி போதும். பாகைத் தட்டைப் பள்ளிக்கூடப் பாகைமானியைப் பெரிதாக்கி அச்சடித்து அட்டையில் ஒட்டியும் செய்யலாம். முதலில் பிஸ்டன் உச்சியைப் பிடிக்க வேண்டும். ஓவர்ஹெட் வால்வ் எஞ்சின்களில் பிளக் துளைக்குள் ஒரு தடுப்பைத் திருகுவார்கள். இங்கே அது பெரும்பாலும் நடக்காது, ஏனென்றால் பிளக் வால்வுகளின் பக்கம் இருக்கிறது, பிஸ்டனுக்கு மேல் இல்லை. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை ஹெட் ஸ்டட்டில் இறுக்குங்கள். பட்டைக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு நட்டு. கிராங்கை முன்னே திருப்பி முட்டும் இடத்தில் பாகையைக் குறியுங்கள், பின்னே திருப்பி முட்டும் இடத்தையும் குறியுங்கள். இரண்டின் நட்டநடு உச்சி. டயல் கேஜின் ஊசி நின்ற இடம்தான் உச்சி என்று நம்பாதீர்கள். உச்சியில் பிஸ்டன் பல பாகைக்கு அசையாமலே நிற்கும்.

இனிப் பட்டையை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் இன்லெட் வால்வுத் தலையில் டயலை வையுங்கள். ஏறும்போது 50 தவ் தொடும் பாகை, முழு உயரம் போய் இறங்கும்போது மறுபடி 50 தவ் தொடும் பாகை, இரண்டையும் எழுதுங்கள். இரண்டின் நடுவில் இருப்பது லோப்பின் மையம். எப்போதும் எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருப்புங்கள். தாண்டிவிட்டால் பின்னால் வராமல் ஒரு முழுச் சுற்றுப் போய்விட்டு வாருங்கள், இல்லையென்றால் கியர் தொய்வும் கணக்கில் சேரும்.

ஜீப்பில் இன்லெட் உச்சிக்கு 9 பாகை முன் திறந்து, பிஸ்டனின் அடிமட்டத்துக்கு 50 பாகை பின் மூடும். எக்ஸோஸ்ட் அடிமட்டத்துக்கு 47 முன் திறந்து, உச்சிக்கு 12 பின் மூடும். இரண்டும் 239 பாகை. கணக்குப் போட்டால் இன்லெட் மையம் உச்சிக்குப் பின் சுமார் 110இல் வர வேண்டும். உங்களுக்கு 113 வந்தால் அப்படியே விடுங்கள். 118, 120 வந்தால் கிரைண்டர் பிசகியிருக்கிறார், படி வைத்த சாவி ஒன்று செய்து கியரை நகர்த்த வேண்டும். 125க்கு மேல் என்றால் பெரும்பாலும் ஒரு பல் தப்பியிருக்கிறது. ஒரு பல்லின் பெறுமதி 720ஐக் கேம் கியரின் பற்களால் வகுத்தால் வரும், 40 பல் என்றால் 18 பாகை.

ஒரு வார்த்தை: பாகை கூடிய "ரேஸ்" கேம் போட ஆசைப்பட்டு வருபவர்களிடம் நான் கேட்பது, நீங்கள் எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்றுதான். காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் வாகனத்துக்கு 4,000 சுற்றில் வரும் குதிரைவலுவால் என்ன பயன்? ஜீப்பின் 60 குதிரைவலு அந்த 4,000இல்தான் வருகிறது, அங்கே யாரும் போவதில்லை.

"மழை பெய்தால் வைப்பர் நின்றுவிடுகிறது"

சிரிக்காதீர்கள், இது கேம் அறிகுறிதான். ஃபோர்ட் 100ஈயில் வைப்பரை ஓட்டுவது மின் மோட்டர் இல்லை, இன்லெட் மெனிஃபோல்டின் உறிஞ்சல். இன்லெட்டும் எக்ஸோஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடிய கேமைப் போட்டால் மெதுவோட்டத்தில் உறிஞ்சல் விழும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் குலுங்கும், வைப்பர் கண்ணாடி நடுவில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும். ஒக்டோபர் மழையில் பொரளைச் சந்தியில் இதை அனுபவிக்க வேண்டும்.

வெக்யூம் கேஜ் ஒன்று மாட்டுங்கள். கடல் மட்டத்தில் ஆரோக்கியமான எஞ்சின் மெதுவோட்டத்தில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். ஊசி நடுங்காமல் 12, 13இல் நின்றால் கேம் பிந்தியிருக்கலாம், அல்லது கேமின் சுபாவமே அது. இடையிடையே ஒரே தாளத்தில் விழுந்து எழும்பினால் ஒரு வால்வு மூடவில்லை, டாப்பட் இறுக்கம். சைட் வால்வில் இருக்கை தேய்ந்து வால்வு கீழே இறங்க இறங்க இடைவெளி தானாகக் குறையும். சத்தமே இல்லாத அமைதியான எஞ்சினைக் கண்டால்தான் எனக்குப் பயம். அப்புறம், நுவரெலியாவில் அளந்தால் உயரத்துக்காகச் சுமார் 6 அங்குலம் குறைவாகத்தான் காட்டும், அங்கே போய்க் கேமைக் குறை சொல்ல வேண்டாம்.

"இரண்டு வாரம் தங்கம் மாதிரி ஓடியது, இப்போது கார்பரேற்றர் வழியாகத் தும்முகிறது"

புதுக் கேமோ மறு கிரைண்டோ போட்டு, கொஞ்ச நாளில் ஒரு சிலிண்டர் சோர்ந்து, கார்பரேற்றர் வழியாகப் பட் பட் என்று அடித்தால் ஓர் எக்ஸோஸ்ட் லோப் மொட்டையாகியிருக்கிறது. எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் நின்று, இன்லெட் திறந்ததும் அந்தப் பக்கமாகப் பாய்கிறது.

இதைப் பார்க்க ஹெட்டைக் கழற்ற வேண்டாம், சைட் வால்வின் ஒரே சௌகரியம் இது. பக்கத் தட்டைத் திறந்து, காந்த அடி வைத்த டயல் கேஜின் முள்ளை ஸ்பிரிங் தட்டின் விளிம்பில் வைத்து, எட்டின் லிஃப்ட்டையும் எடுங்கள். ஜீப்பின் அசல் லிஃப்ட் 351 தவ். ஏழு ஒரே அளவில் இருக்க ஒன்று 40 தவ் குறைந்தால் அதுதான் குற்றவாளி. எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப்பின் திருகில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருக்கும், விரலில் தேய்த்தால் மினுங்கும்.

ஏன் இப்படி? வார்ப்புக் கேமின் கடினம் மேல் தோலில்தான் இருக்கும். ஆழமாக வெட்டிவிட்டால் உள்ளிருக்கும் மென் இரும்பில் டாப்பட் உராயும். கிரைண்டிலிருந்து வந்ததும் லோப்பின் பக்கச் சுவரில், வேலை செய்யும் முகத்துக்குச் சற்றுக் கீழே, புது அரத்தை ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். கண்ணாடியில் போவது மாதிரி வழுக்கினால் நல்லது. கடித்தால் கேமைத் திருப்பிக் கொடுங்கள். முகத்தில் இழுத்துவிடாதீர்கள், அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் கதை முடிந்தது.

இரண்டாவது காரணம் பழைய டாப்பட். பழைய டாப்பட்டின் முகம் பழைய லோப்புக்கு ஏற்றபடி தேய்ந்தது. புது லோப்பில் அதை வைத்தால் அது சுழலாது. தட்டை டாப்பட் ஒவ்வொரு தூக்கலிலும் கொஞ்சம் சுழல வேண்டும், அதற்காகவே லோப் டாப்பட்டின் மையத்திலிருந்து சற்று விலகி உட்காரும். சில எஞ்சின்களில் லோப்பில் கண்ணுக்குத் தெரியாத சாய்வும் இருக்கும். கிரைண்ட் பண்ணுபவர் அந்தச் சாய்வைத் தட்டையாக்கிவிட்டால் டாப்பட் நின்ற இடத்தில் நின்று குழி தோண்டும். டாப்பட் முகத்தில் தேய்மானம் வட்டமாக இருந்தால் சுழன்றிருக்கிறது, கோடாக இருந்தால் இல்லை.

தேய்மானம் முகத்தின் ஓரத்தில், விளிம்பை வெட்டியபடி இருந்தால் காரணம் வேறு: சரிவு டாப்பட்டுக்குத் தாங்காத வேகத்தில் தூக்குகிறது. ஒரு கேம் பாகைக்கு 0.18 மில்லிமீற்றர் தூக்கும் சரிவு என்றால் 57.3ஆல் பெருக்குங்கள், 10.3 வரும். தொடுபுள்ளி மையத்திலிருந்து அவ்வளவு தூரம் வெளியே ஓடும், ஆகவே டாப்பட்டின் விட்டம் 20.6 மில்லிமீற்றருக்குக் கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். ஓவர்ஹெட் எஞ்சின் கேமின் வடிவத்தைப் பார்த்து இதில் வெட்டச் சொல்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது, முதல் இருபது நிமிடம். கேமுக்கும் டாப்பட் முகத்துக்கும் மொலிப்டினம் பசை பூசி, எஞ்சின் பிடித்தவுடன் 1,500க்கும் 2,000க்கும் இடையில் இருபது நிமிடம் வையுங்கள். மெதுவோட்டத்துக்கு விட வேண்டாம், கிராங் தெறிக்கும் ஒயில்தான் லோப்புகளை நனைக்கிறது, மெதுவாகச் சுற்றினால் தெறிப்பது போதாது. அக்கம்பக்கத்தில் சத்தம் என்று திட்டுவார்கள், ஞாயிறு காலையில் செய்யாதீர்கள். ஒயிலில் சிங்க்கும் பொஸ்பரஸும் குறைந்துவிட்டன என்ற பேச்சு உண்மைதான், புதுக் கார்களுக்கான 30 தரத்து மெல்லிய ஒயில்களில் பொஸ்பரஸுக்கு 0.08 வீத மேல் வரம்பு இருக்கிறது. சிஐ-4 தரத்து டீசல் ஒயிலில் இது கூடுதலாக இருக்கும், நான் அதைத்தான் ஊற்றுகிறேன். ஆனாலும் சைட் வால்வின் ஸ்பிரிங் மென்மையானது. ஒயிலால் மட்டும் கேம் போனது என்று யாராவது சொன்னால் அரத்தை எடுத்துப் பார்ப்பேன்.

"வேகம் ஏறும்போது டக் டக் என்று இரும்பு இரும்பில் அடிக்கிறது"

சைட் வால்வில் வால்வு பிஸ்டனில் அடிக்காது, இரண்டும் வேறு வேறு அறை. அடிப்பது ஹெட்டின் கூரையில். கொம்பிரஷன் கூட்டுவதற்காக ஹெட்டைச் சீவி, அதற்கு மேல் லிஃப்ட் கூடிய கேமையும் போட்டவர்களுக்கு வரும் நோய். வால்வுத் தலையில் விரல் தடிமனுக்குப் பிளாஸ்டிசின் வைத்து, மேலே ஒயில் தடவி, பழைய கஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றி, கத்தியால் வெட்டி, மெலிந்த இடத்தை அளவுங்கள். 1.5 மில்லிமீற்றருக்குக் குறைய நான் விடமாட்டேன். கூடவே வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்றும் பாருங்கள்.

"வேறு கேம் மாற்றினேன், ஸ்டார்ட்டே ஆகவில்லை"

ஜீப் எல்134இல் இரண்டு வகை உண்டு. முதலில் வந்தவற்றில் கேமைச் சங்கிலி ஓட்டும், பிறகு வந்தவற்றில் கியர். சங்கிலியில் கேம் கிராங்கின் திசையிலேயே சுற்றும், கியரில் எதிர்த்திசையில். ஒன்றின் கேமை மற்றதில் செருகினால் வால்வுகள் பின்னாலிருந்து முன்னால் திறக்கும். 1-3-4-2 என்ற வரிசை 1-2-4-3 ஆகும், எக்ஸோஸ்ட் திறக்க வேண்டிய இடத்தில் இன்லெட் திறக்கும். பிளக் வயரை எப்படி மாற்றினாலும் ஓடாது. ஒயில் பம்பும் இந்த இரண்டுக்கும் வேறு. வாங்கும்போது முன் நுனியைப் பார்த்து, எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்று நானாவிடம் கேட்டு வாங்குங்கள். ஹெட்டில் இன்லெட்டும் புளொக்கில் எக்ஸோஸ்ட்டும் உள்ள பின்னாளைய வில்லிஸ் எஞ்சினின் கேமையும் சிலர் தருவார்கள், அதையும் தவிருங்கள்.

கழற்றும்போது: டாப்பட்டுகள் கீழே விழுந்து வழியை அடைக்காமல் இருக்க, மேலே தூக்கி உடுப்புக் காயவைக்கும் கிளிப் ஒவ்வொன்று மாட்டிவிடுங்கள். மரக் கிளிப் நல்லது, பிளாஸ்டிக் ஒயிலில் வழுக்கும்.

"டைமிங் லைட்டில் புள்ளி ஓடி விளையாடுகிறது"

டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது ஒயில் பம்பின் தண்டு, அதைச் சுற்றுவது கேமில் உள்ள சாய்பல் கியர். கேம் முன்னும் பின்னும் நகர்ந்தால் புள்ளியும் ஓடும். சங்கிலி எஞ்சினில் கேமைப் பின்னால் தள்ளிப் பிடிக்க டைமிங் கவருக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் முளையும் உண்டு, கவரைக் கழற்றும்போது தரையில் உருண்டுபோவது அதுதான். கியர் எஞ்சினில் அந்த வேலையைத் தட்டு ஒன்று செய்யும், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஒயில் பிரஷரும் சேர்ந்து குறைந்திருந்தால் கேமின் முன் புஷ்ஷைப் பாருங்கள். ஜீப்பில் அது ஒன்றுதான் மாற்றக்கூடிய புஷ், மற்ற மூன்றும் புளொக்கிலேயே குடைந்தவை.

கேமைக் கிரைண்டுக்கு அனுப்பும்போது நான் ஓர் அட்டையைக் கம்பியால் கட்டி அனுப்புகிறேன். அதில் நாலு வரி: முதுகின் இப்போதைய விட்டம், லிஃப்ட் எவ்வளவு வேண்டும், இன்லெட் மையம் 110, லோப் சாய்வை அப்படியே விடவும். ஐந்தாவது வரியைச் சிவப்புப் பேனாவில் எழுதுவேன்: மையத் துளையில் சுத்தியல் படக்கூடாது.